செங்கோண முக்கோணியின் நீண்ட பக்கம்: கணக்கும் கயிறும்

திருகோணமலைப் பக்கம் உப்புவெளியிலோ நிலாவெளியிலோ ஒரு வளவில் அத்திவாரம் வெட்டத் தொடங்கும் நாளில் போய் நின்று பாருங்கள். மண்வெட்டி நிலத்தில் படுமுன் நாலு மூலைக்கும் முளை அடித்து நைலோன் நூல் கட்டுவார்கள். பிறகு மேசன் பாஸ் ஒரு மூலையில் அளவு ரேப்பின் நுனியைப் பிடிக்கச் சொல்லிவிட்டு, எதிர்மூலை வரை குறுக்கே இழுத்துப் போய் ஓர் அளவைச் சத்தமாகச் சொல்வார். அளவு சரியாக வந்தால் வேலை தொடங்கும். வராவிட்டால் முளையைப் பிடுங்க வேண்டியதுதான். அவர் குறுக்கே இழுத்த அந்த நீளம்தான் செங்கோண முக்கோணியின் மிக நீண்ட பக்கம். பள்ளிக்கூடத்தில் நாம் செம்பக்கம் என்று படித்தது இதைத்தான். தமிழ்நாட்டுப் புத்தகங்களில் கர்ணம் என்று இருக்கும்.

கணக்கைப் பள்ளியோடு விட்டுவிட்டு, இப்போது வேலைத்தளத்தில் அது மறுபடி தேவைப்படுகிறவருக்காக இதை எழுதுகிறேன். சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்க உட்காரும் தாய் தகப்பனுக்கும் உதவும். சூத்திரம் ஒரேயொரு வரி. பாடமாக்க இரண்டு நிமிடம் போதும். பிழை வருவது அதற்கு முன்னும் பின்னும்தான்: செங்கோணம் எங்கே இருக்கிறது என்று பார்க்காமல் எண்களை எடுப்பது, வர்க்கமூலத்தில் தடுமாறுவது, தசம அடியை அங்குலமென்று வாசிப்பது. அந்த இடங்களில்தான் கொஞ்சம் அதிகம் நின்று போகப்போகிறேன்.

முதலில் செங்கோணத்தைப் பிடியுங்கள்

முக்கோணியில் ஒரு கோணம் 90 பாகையாக இருந்தால்தான் இந்த வழி செல்லும். ஆகவே முதல் வேலை, அந்தக் கோணத்தில் விரலை வைப்பது. படத்தில் மூலையில் ஒரு சின்னச் சதுரம் போட்டிருக்கும். வேலைத்தளத்தில் அது சுவரும் நிலமும் சந்திக்கும் இடம், அல்லது இரண்டு சுவர்கள் கூடும் மூலை.

விரல் வைத்த மூலையிலிருந்து இரண்டு பக்கங்கள் புறப்படும். அந்த மூலையைத் தொடாமல் எதிரே கிடப்பது மூன்றாவது பக்கம். அதுதான் நீண்ட பக்கம். முக்கோணி எப்படித் திரும்பிக் கிடந்தாலும், தலைகீழாக நின்றாலும் இது மாறாது. கண்ணுக்கு நீளமாகத் தெரிகிறது என்று தெரிவுசெய்யாதீர்கள். பரீட்சைத் தாளில் படத்தை வேண்டுமென்றே சரித்துப் போட்டிருப்பார்கள்.

செங்கோணத்தைத் தொடும் பக்கங்கள் இரண்டின் நீளமும் தெரிந்தால் அவற்றின் வர்க்கங்களைக் கூட்ட வேண்டும். நீண்ட பக்கமும் மற்றொன்றும் தெரிந்து மூன்றாவதைக் கேட்டால் கழிக்க வேண்டும். பாதிப் பிள்ளைகள் இந்த இடத்தில்தான் தடம் மாறுகிறார்கள். 5, 13 என்ற எண்களைக் கண்டதும் 25, 169 என்று கூட்டி 194க்கு மூலம் தேடிக்கொண்டிருப்பார்கள். 13 செம்பக்கமாக இருந்தால் மற்றப் பக்கம் 12. இரண்டும் செங்கோணத்தைத் தொடும் பக்கங்களாக இருந்தால்தான் அந்த 194 வரும். எண்களைப் பார்த்தால் இந்த வித்தியாசம் தெரியாது. படத்தைப் பார்த்தால்தான் தெரியும்.

ஏன் வர்க்கத்தைக் கூட்டுகிறோம்

பைதகரசின் தேற்றம் சொல்வது இவ்வளவுதான்: செங்கோணத்தைத் தொடும் இரு பக்கங்களையும் தனித்தனியே வர்க்கித்துக் கூட்டினால், செம்பக்கத்தின் வர்க்கம் கிடைக்கும். கிரேக்கக் கணிதர் யூக்கிளிட்டின் ‘எலிமென்ட்ஸ்’ நூலில், முதல் புத்தகத்தின் 47ஆவது கூற்று இது. பைதகரசுக்கு நெடுங்காலம் முன்பே பாபிலோனியர் இந்தத் தொடர்பை அறிந்திருந்தார்கள். வேள்விமேடை அளக்கும் முறைகளைச் சொல்லும் போதாயனரின் சுல்ப சூத்திரத்திலும், செவ்வகத்தின் குறுக்கே கட்டும் கயிறு பற்றிய விதியாக இதே கருத்து வருகிறது.

நம்பாமல் பாடமாக்குவதைவிட ஒருமுறை வெட்டிப் பார்ப்பது நல்லது. பக்கம் 7 சென்ரிமீற்றர் உள்ள சதுரமொன்றைக் கடதாசியில் வரையுங்கள். ஒவ்வொரு பக்கத்திலும் வலம் சுற்றி வரும் ஒழுங்கில் 3 சென்ரிமீற்றரில் ஒரு புள்ளி வையுங்கள். நான்கு புள்ளிகளையும் வரிசையாகத் தொடுத்தால் நடுவில் சரிந்து கிடக்கும் சதுரமொன்று வரும், மூலைகளில் நான்கு முக்கோணிகள் மிஞ்சும். ஒவ்வொரு முக்கோணிக்கும் சிறிய பக்கங்கள் 3, 4. பரப்பளவு 6. நான்கும் சேர்ந்து 24. பெரிய சதுரத்தின் பரப்பு 49. 24ஐக் கழித்தால் நடுச்சதுரத்துக்கு 25 மிஞ்சும். அப்படியானால் அதன் பக்கம் 5. அந்த 5தான் முக்கோணியின் செம்பக்கம். 9ஐயும் 16ஐயும் கூட்டினாலும் அதே 25. எண்களை மாற்றி எத்தனை தரம் செய்தாலும் இது பிசகாது.

ஒரு வீட்டு அத்திவாரம்: 20 அடிக்கு 30 அடி

இனிக் கணக்கு. 30 அடி நீளம், 20 அடி அகலத்தில் ஒரு சிறிய வீட்டுக்கு நூல் கட்டியிருக்கிறீர்கள். மூலைக்கு மூலை எவ்வளவு வர வேண்டும்?

20ஐ 20ஆல் பெருக்க 400. 30ஐ 30ஆல் பெருக்க 900. கூட்டினால் 1300. வர்க்கிப்பது என்றால் அதே எண்ணால் பெருக்குவது, இரண்டால் பெருக்குவதல்ல. 20இன் வர்க்கம் 40 என்று எழுதியவர்கள் நிறையப் பேர்.

1300இன் வர்க்கமூலம் வேண்டும். போனில் கல்குலேற்றர் இருக்கிறதே என்பீர்கள். இருக்கட்டும், ஆனால் கவனம். முதலில் மூலக்குறியை அழுத்திவிட்டு 400+900 என்று போட்டால் சில போன்கள் 400க்கு மட்டும் மூலம் எடுத்து, 900ஐக் கூட்டி 920 என்று காட்டும். அடைப்புக்குறிக்குள் கூட்டலைப் போடுங்கள், அல்லது 1300ஐத் தனியே கண்டுபிடித்து அதன்மேல் மூலத்தை அழுத்துங்கள்.

கையால் செய்வதும் கடினமில்லை. கிட்ட உள்ள முழு வர்க்கத்தைத் தேடுங்கள். 36இன் வர்க்கம் 1296. 1300க்கு இன்னும் 4 வேண்டும். அந்த 4ஐ 36இன் இருமடங்கான 72ஆல் வகுத்தால் 0.056. ஆகவே விடை 36.056. இது முழுத் துல்லியம் இல்லை, ஆனால் மூன்று தசமதானம் வரை சரி. வேலைத்தளத்தில் அதற்குமேல் ஒருவரும் கேட்கப்போவதில்லை. கிட்ட உள்ள வர்க்கம் எண்ணைவிடப் பெரிதாக இருந்தால் இதே மாதிரிச் செய்து கழிக்க வேண்டும். உதாரணமாக 116: 11இன் வர்க்கம் 121, அது 5 கூட. 5ஐ 22ஆல் வகுக்க 0.227. 11இலிருந்து கழித்தால் 10.773. சரியான விடை 10.770. இன்னும் நெருங்க வேண்டுமானால் 116ஐ 10.773ஆல் வகுத்து, வந்ததையும் 10.773ஐயும் கூட்டிப் பாதி எடுங்கள். யேல் பல்கலைக்கழகத்தில் இருக்கும் ஒரு பாபிலோனியக் களிமண் பலகையில், சதுரமொன்றின் மூலைவிட்டத்தின்மேல் 2இன் வர்க்கமூலம் ஐந்து தசமதானங்களுக்குச் சரியாகப் பொறிக்கப்பட்டிருக்கிறது. வயது மூவாயிரத்து ஐந்நூறு ஆண்டுகளுக்கு மேல். கல்குலேற்றர் இல்லாமலே மனிதர் நன்றாகத்தான் சமாளித்திருக்கிறார்கள்.

சரி, 36.056 அடி. ரேப்பில் அது எங்கே? இங்கேதான் இரண்டாவது பெரிய பிழை. 36 அடி 5 அங்குலம் என்றோ 6 அங்குலம் என்றோ வாசித்துவிடுவார்கள். புள்ளிக்குப் பின்னால் இருப்பது அடியின் பங்கு, அங்குலம் அல்ல. 0.056ஐ 12ஆல் பெருக்க வேண்டும். 0.67 அங்குலம் வரும். அங்குலத்துக்கு 8 நூல் என்பதால் இன்னுமொரு தரம் 8ஆல் பெருக்கினால் ஐந்து நூலும் கொஞ்சமும். ஆக, 36 அடி 5 நூல். மீற்றரில் அளந்தால் இந்தத் தலையிடியே இல்லை. ஆனால் எங்கள் பாஸ்மாரிடம் வீட்டை மீற்றரில் பேசிப் பாருங்கள், பிறகு தெரியும்.

விடை வந்ததும் அதை ஒரு பார்வை பார்த்துவிடுங்கள். நீண்ட பக்கம் மற்ற இரண்டிலும் பெரியதைவிடக் கூடவாக இருக்க வேண்டும். அதேவேளை, அந்தப் பெரியதன் 1.414 மடங்கை ஒருநாளும் தாண்டாது. இரண்டு பக்கமும் சமமாக இருக்கும்போதுதான் அந்த எல்லையைத் தொடும். எங்கள் கணக்கில் பெரிய பக்கம் 30. விடை 30க்கும் 42.4க்கும் நடுவில் விழ வேண்டும். 36 விழுகிறது. 50 என்று வந்திருந்தால் வர்க்கிக்காமல் கூட்டிவிட்டீர்கள். 920 வந்தால் போன்.

வர்க்கமூலம் இல்லாத தமிழ் வழி ஒன்று

வாட்ஸ்அப்பில் அடிக்கடி சுற்றும் செய்தி ஒன்று உங்களுக்கும் வந்திருக்கும். நீளத்தை எட்டுக் கூறாக்கி, ஒரு கூறைத் தள்ளிவிட்டு, மற்றப் பக்கத்தின் பாதியைச் சேர்த்தால் கர்ணம் வரும் என்று ஒரு பாட்டு. வர்க்கமும் வேண்டாம் மூலமும் வேண்டாம், பைதகரசை மிஞ்சிவிட்டோம் என்று கீழே பெருமையும் இருக்கும்.

சோதித்துப் பார்ப்போம். 4, 3: நாலின் எட்டில் ஒன்று அரை. தள்ளினால் 3.5. மூன்றின் பாதி 1.5. கூட்ட 5. சரி. 12, 5: பன்னிரண்டில் ஒன்றரை போக 10.5, ஐந்தின் பாதி 2.5, மொத்தம் 13. அதுவும் சரி. 15, 8க்கு வந்தால் 17.125 என்கிறது. உண்மையான விடை 17. 24, 7க்கு 24.5 என்கிறது, உண்மை 25. பக்கம் 1 உள்ள சதுரத்துக்கு 1.375 என்கிறது, உண்மை 1.414.

இயற்கணிதத்தில் போட்டுப் பார்த்தால் காரணம் தெரியும். பக்கங்கள் 4க்கு 3 என்ற விகிதத்திலோ 12க்கு 5 என்ற விகிதத்திலோ இருக்கும்போது மட்டும் இந்தப் பாட்டு சரியான விடையைத் தரும். வேறெந்த விகிதத்திலும் தராது. அந்த இரண்டுக்கும் இடைப்பட்ட விகிதங்களில் விடை சற்றுக் கூடவாக வரும், ஆனால் நூற்றுக்கு 0.8ஐத் தாண்டாது. அதற்கு வெளியே குறைவாக வரும். சதுரத்துக்கு நூற்றுக்கு 3 அளவு குறைவு. ஒரு பக்கம் மிக நீண்டு மற்றது மிகக் குறுகினால் குறைவு நூற்றுக்கு 12.5 வரை போகும். அனுப்புகிறவர்கள் 3-4-5ஐயும் 5-12-13ஐயும் மட்டும் உதாரணம் காட்டுவது ஏன் என்று இப்போது விளங்குகிறதா?

இதனால் அந்த வழியைக் குப்பையில் போட வேண்டியதில்லை. மரம் வாங்கப் போகும்போது மனக்கணக்காக ஓர் உத்தேச நீளம் தெரிய இது மிகத் திறமான வழி. பெரிய பக்கத்தில் எட்டில் ஒன்றைத் தள்ள வேண்டும், சிறிய பக்கத்தில் பாதி எடுக்க வேண்டும், மாறிவிடக்கூடாது. எங்கள் 30, 20க்குச் செய்தால் 26.25உம் 10உம் 36.25. உண்மையான அளவைவிட இரண்டு அங்குலம் அளவில்தான் கூட. மரத்துக்குப் போதும், அத்திவாரத்துக்குப் போதாது.

கயிற்றால் மூலைமட்டம்

இதுவரை செங்கோணம் இருக்கிறது என்று வைத்துக்கொண்டு நீண்ட பக்கம் கண்டோம். வேலைத்தளத்தில் இது மறுபக்கமாகவும் வேலை செய்யும். மூன்று பக்கமும் கணக்குக்குப் பொருந்தினால் அந்த மூலை செங்கோணம்தான்.

ஒரு நூலில் 3 அடியில் ஒரு குறி, அதற்குக் குறுக்கான நூலில் 4 அடியில் ஒரு குறி. இரண்டு குறிக்கும் இடையில் 5 அடி வந்தால் மூலை சரி. எல்லோருக்கும் தெரிந்ததுதான். புதிதாக வேலைக்கு வருகிறவர்கள் இதில் விடும் பிழை, சின்ன முக்கோணியோடு நின்றுவிடுவது. 5 அடியில் கால் அங்குலம் பிசகினால் கோணம் அரைப் பாகை பிசகும். சின்னப் பிசகுதானே என்று தோன்றும். அந்த நூல் 30 அடி போய்ச் சேரும்போது 3 அங்குலம் விலகியிருக்கும். அதே கால் அங்குலப் பிசகு 9-12-15இல் வந்தால் 30 அடியில் விலகல் ஓர் அங்குலம்தான். இடம் இருக்கும்வரை பெரிதாகப் போடுங்கள்: 6-8-10, 9-12-15, 12-16-20.

மூலைகளைக் கட்டி முடித்த பிறகு குறுக்களவு இரண்டும் பார்க்க வேண்டும். ஒன்று மட்டும் பார்த்தால் போதாது. வேலைத்தளத்தில் இப்படிக் கேட்கும்:

“தம்பி, ரேப்பைத் தொங்க விடாம இழுத்துப் பிடி. எவ்வளவு?”

“முப்பத்தாறு அடி மூண்டு அங்குலம், பாஸ்.”

“மற்ற மூலை?”

“முப்பத்தஞ்சு அடி பத்து.”

ஐந்து அங்குல வித்தியாசம். எதிரெதிர்ப் பக்கங்கள் 30, 30 என்றும் 20, 20 என்றும் சரியாக இருந்தால், வீடு சாய்ந்த இணைகரமாக நிற்கிறது என்று அர்த்தம். இரண்டு குறுக்களவையும் கூட்டிப் பாதி எடுத்தால் 36 அடி அரை அங்குலம், கிட்டத்தட்ட நாம் கணக்கில் கண்ட அளவு. அதை நோக்கித்தான் இரண்டையும் கொண்டுவர வேண்டும். ஒரு 30 அடிப் பக்கத்தின் முளைகளை அப்படியே விட்டுவிட்டு, எதிரேயுள்ள 30 அடிப் பக்கத்தின் முளைகள் இரண்டையும் அந்த நூலின் வழியே ஒரே திசையில் 3 அங்குலம் அளவில் நகர்த்துங்கள். குட்டையான குறுக்களவு நீளும் திசைதான் சரியான திசை. ஒரு முளையை மட்டும் நகர்த்தினால் பக்கங்கள் கெட்டுவிடும். இரண்டு மூன்று தரம் அளந்து நகர்த்தினால் சமமாகிவிடும்.

உவர்மலைப் பக்கம் போல நிலம் சரிவாக உள்ள இடத்தில் இன்னொரு பொறி இருக்கிறது. ரேப்பை நிலத்தோடு படுக்க வைத்து 30 அடி அளந்தால், நீங்கள் அளந்ததே ஒரு செம்பக்கம். நிலம் 30 அடியில் 2 அடி இறங்கினால் சரிவின் நீளம் 30.067 அடி. முக்கால் அங்குலம் கூட. ஒவ்வொரு பக்கமும் வேறு வேறு சரிவில் கிடந்தால் நான்கு அளவும் நான்கு விதமாகப் பொய் சொல்லும், பிறகு குறுக்களவு எப்படிச் சேரும்? ரேப்பை நீர்மட்டமாகப் பிடித்து, பள்ளமான பக்கத்தில் தூக்குக்குண்டு விட்டு நிலத்தில் குறி வையுங்கள்.

கைமரத்தின் நீளம்

கூரைக்கு வந்தால் நீண்ட பக்கம் என்பது கைமரம். வீட்டின் அகலம் 20 அடி என்றால் நடு முகட்டிலிருந்து சுவர் வரை கிடையாக 10 அடி. முகட்டின் உயரம் சுவரிலிருந்து 4 அடி. 100உம் 16உம் 116. மேலே கண்ட அதே மூலம்: 10.77 அடி. 0.77ஐ 12ஆல் பெருக்க ஒன்பதே கால் அங்குலம். முகட்டிலிருந்து சுவர் வரை 10 அடி 9¼ அங்குலம்.

ஆனால் கைமரம் சுவரோடு நிற்காது. மாரிக்கு வடகீழ்க் காற்று கடலிலிருந்து மழையை அள்ளிச் சுவரில் அடிக்கும் ஊர் இது, இறவாரம் இரண்டடியாவது வெளியே வர வேண்டும். அந்த 2 அடியை அப்படியே 10 அடி 9¼ அங்குலத்தோடு கூட்டி மரம் வெட்டினால் குட்டையாகிவிடும். வெளியே வரும் 2 அடி கிடையளவு, மரமோ சரிந்து போகிறது. கிடையளவை முதலே 12 என்று எடுங்கள். 10 அடிக்கு 10.77 என்றால் 12 அடிக்கு 12.92. அதாவது 12 அடி 11 அங்குலம். நேரே கூட்டியிருந்தால் கிட்டத்தட்ட 2 அங்குலம் குறைந்திருக்கும். அத்தனை கைமரமும் ஒரே அளவில் குறைந்து நிற்பதால், சீற் அடிக்கும் நாள் வரை யாருக்கும் தெரியாது. முகட்டு வளையின் தடிப்பில் பாதியைக் கழிப்பதும், நுனியில் வெட்டுக்கு விடுவதும் பாஸின் பழக்கத்தைப் பொறுத்தது. அவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஏணிக்கும் இதே கணக்குத்தான். உயரம் நாலடிக்கு ஏணியின் கால் ஓரடி விலக வேண்டும் என்பது பாதுகாப்பு வழக்கம். சுவரில் 12 அடி உயரத்தில் சாய்க்க, கால் 3 அடி தள்ளி நிற்கும். 144உம் 9உம் 153, மூலம் 12.37. இந்த 12 அடி நாலரை அங்குலம், ஏணி சுவரைத் தொடும் இடம் வரை மட்டும். அதற்குமேல் பிடிக்க ஏணி நீண்டிருக்க வேண்டும்.

கடலில் இதன் பயன் குறைவு என்றாலும் ஒன்று சொல்கிறேன். 12 மீற்றர் ஆழத்தில் நங்கூரம் போட்ட வள்ளம் 35 மீற்றர் தள்ளிப் போய் நின்றால் கயிறு குறைந்தது 37 மீற்றர். கயிறு நேராக நிற்காது, தொய்யும். ஆகவே கணக்கில் வந்தது ஆகக் குறைந்த அளவு மட்டுமே. கணக்குச் சரியாக வந்தது என்று 37 மீற்றர் கயிறோடு கடலுக்குப் போகாதீர்கள்.

பரீட்சை எழுதுகிறவருக்கு

பரீட்சை மண்டபத்துக்குள் கல்குலேற்றர் கிடையாது என்பதால் சில மூன்றுகளைப் பாடமாக்குவது லாபம்: 3-4-5, 5-12-13, 8-15-17, 7-24-25, 20-21-29. இவற்றின் மடங்குகளும் செல்லும். 18, 24 என்று தந்தால் 324ஐயும் 576ஐயும் கூட்டிக்கொண்டிருக்க வேண்டாம். இரண்டும் 6இன் மடங்கு, உள்ளே 3உம் 4உம், ஆகவே விடை 30. பெரிய எண்களிலும் இது ஒளிந்திருக்கும். கிண்ணியாப் பாலத்தின் நீளம் 396 மீற்றர். பாலத்தின் ஒரு முனையில் நீங்கள் நிற்கிறீர்கள், மற்ற முனையிலிருந்து பாலத்துக்குச் செங்குத்தாக 297 மீற்றர் தள்ளி ஒரு தோணி நிற்கிறது. உங்களுக்கும் தோணிக்கும் தூரம் என்ன? 396 என்பது நாலு 99. 297 மூன்று 99. ஐந்து 99 போட்டால் 495 மீற்றர். பேனையை எடுக்கவே தேவையில்லை.

செய்கை எழுதும்போது எந்த மூலை 90 பாகை என்று முதலில் எழுதுங்கள், பிறகு தேற்றத்தின் பெயர், பிறகு எண்கள். விடை முழு எண்ணாக வராவிட்டால் கேள்வி என்ன கேட்கிறது என்று பாருங்கள். மூலக்குறியோடு விடச் சொன்னால் விட்டுவிடுங்கள். அலகை எழுத மறக்க வேண்டாம்.

ஒரே பக்கமும் ஒரு கூர்ங்கோணமும் மட்டும் தந்திருந்தால் வர்க்கம் உதவாது, திரிகோண கணிதம் வேண்டும். தெரிந்த பக்கம் கோணத்துக்கு எதிரே இருந்தால் சைனால் வகுக்க வேண்டும். கோணத்தை அடுத்திருந்தால் கோசைனால் வகுக்க வேண்டும். மேலே சொன்ன கூரை கிடையோடு 22 பாகை சரிவு என்று மட்டும் தெரிந்திருந்தாலும், 10ஐக் கோசைன் 22 ஆன 0.9272ஆல் வகுக்க 10.79 வரும். கோணம் 30 என்றால் எதிர்ப்பக்கத்தை இரட்டித்தால் போதும். 45 என்றால் எந்தப் பக்கத்தையும் 1.414ஆல் பெருக்கினால் போதும்.

மைதானம் அடிக்கும்போது

உதைபந்தாட்டத்துக்கு மைதானம் அடிப்பவர்கள் இதைக் கட்டாயம் தெரிந்திருக்க வேண்டும். திருகோணமலையிலும் கிண்ணியாவிலும் விளையாடுகிறவர்களுக்குப் பஞ்சமில்லை, ஆனால் மூலை சரிந்த மைதானங்களுக்கும் பஞ்சமில்லை. முழு அளவு மைதானம் 105க்கு 68 மீற்றர். 11025உம் 4624உம் 15649. 125இன் வர்க்கம் 15625, மிச்சம் 24, அதை 250ஆல் வகுக்க 0.096. குறுக்களவு 125 மீற்றர் 10 சென்ரிமீற்றர். விளிம்பால் நடந்தால் 173, குறுக்கே போனால் 125. பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளைகள் எந்த மைதானத்திலும் மூலைக்கு மூலை ஒற்றையடிப்பாதை போட்டுவிடுவது இந்த 48 மீற்றருக்காகத்தான்.

உங்களிடம் இருப்பது 50 மீற்றர் ரேப்பாக இருந்தால் 125ஐத் துண்டு துண்டாக அளக்கப் போகாதீர்கள். ஒவ்வொரு தரமும் ரேப் நேர்கோட்டை விட்டு விலகும், தொய்யும். அதற்குப் பதில் ஒவ்வொரு மூலையிலும் 12-16-20 மீற்றர் போட்டு மூலையைச் சரிசெய்துவிட்டு, எதிர்ப்பக்கங்கள் சமமாக வருகிறதா என்று பாருங்கள். பெனால்டி பொக்ஸ் அடிக்கும்போது குறுக்களவை முழுதாகவே பார்க்கலாம். அதன் அளவு 40.32க்கு 16.5 மீற்றர், மூலைக்கு மூலை 43 மீற்றர் 57 சென்ரிமீற்றர், ஒரே இழுப்பில் ரேப்புக்குள் அடங்கும். இரண்டு குறுக்கும் அந்த அளவுக்கு வந்த பிறகு சுண்ணாம்பைக் கரையுங்கள்.